நாலு மணிக் குரல்

அப்போதெல்லாம் புனேயில் வியாழக்கிழமை என்றால் மின்வெட்டு. அது தெரிந்தும் ஒரு வியாழன் காலையில் எங்கள் அலுவலக லினக்ஸ் சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்ற ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் கைவிட்டது.

திரும்ப இயக்கினால், பல மென்பொருள்கள் பழையதும் புதியதுமாக இரண்டிரண்டு இருந்தன. பழையவற்றைத் தேடித்தேடி நீக்கினேன். முடித்த பிறகுதான் உறைத்தது, குமரேசன் சார் எழுதி வைத்திருந்த சின்ன மென்பொருளும் அதோடு போய்விட்டது.

அவர் கோயம்புத்தூர்க்காரர். தினமும் நாலு மணிக்கு எங்களை டீக்குக் கூப்பிட, தன் குரலைப் பதிவு செய்து அந்த சர்வரில் வைத்திருந்தார். விபத்தில் அவர் இறந்து சில மாதங்கள் ஆகியும் யாரும் அதை நிறுத்தவில்லை.

எங்கு தேடியும் அந்த ஃபைல் இல்லை. பிரதியும் இல்லை.

நாலு மணிக்கு ஸ்பீக்கர் பேசியது.

"ஏனுங்க, டீ குடிக்கப் போலாங்களா?"

எப்படி என்று சர்வரைத் தோண்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள், அழித்த ஃபைலைக்கூட மெஷின் அணையும்வரை விடாமல் பிடித்திருக்கும்.

ரீஸ்டார்ட் செய்தால்தான் பதிப்பு மாற்றும் வேலை முடியும், ஆனால் குரல் போய்விடும் என்றேன். பக்கத்து சீட் பிராச்சி மராத்தியில், "ராஹூ தே" என்றாள். இருக்கட்டுமாம். விட்டுவிட்டேன்.

அடுத்த வியாழன் கரண்ட் வர வெகுநேரமானது. சர்வர் அணைந்து, பிறகு எந்தக் கோளாறும் இல்லாமல் எழுந்தது. நாலு மணிக்கு எல்லோரும் ஸ்பீக்கரையே பார்த்தோம். அது பேசவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

அவர் இறந்த செய்தி வந்த அன்றுகூட, அந்தக் குரல் கூப்பிட்டதும் எழுந்து போய் டீ குடித்தவர்கள் நாங்கள்.