புஷ்பலதாவின் ஓலைக்கொட்டகை

பர்மாவில், யாங்கோன் நகரத்துக்கு ஆற்றின் அக்கரையில், த்வாண்டே கால்வாய்க்கரையில் ஆறு மாடு வைத்துப் பிழைத்தவள் புஷ்பலதா. பிறந்து வளர்ந்ததெல்லாம் நகரத்துக்குள்ளே மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில்வே லைன் வீட்டில். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மாட்டின் மடியைத் தொடவே பயப்படுவாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை. இப்போது கரையோரத்தில் யார் வீட்டு மாடு கன்று போட்டாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கறக்கும் பாலைக் கணவன் முரளிதரன் மூன்று சக்கர வண்டியில் டலா துறைக்குக் கொண்டுபோய், படகில் ஏற்றி, காலை ஏழு மணிக்கெல்லாம் நகரத்துக் கடைவீதியான பபேடானில் நியாஸின் டீக்கடையில் இறக்கிவிடுவான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், வெயில் ஒரேயடியாக ஏறியது. நடுப்பகலில் ராணி என்ற பெரிய கறுப்பு வெள்ளை மாடு வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. புஷ்பலதா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். முரளிதரன் துறையிலிருந்து திரும்பியபோது ராணி தரையில் கிடந்தது. மூச்சு இல்லை. அவள் அதன் தலையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மற்ற மாடுகளும் தீனியைத் தொடவில்லை. தினமும் பதினேழு வீசை கறந்த இடத்தில் எட்டு வீசைதான் தேறியது. மாட்டு வியாபாரிகள் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"வித்துடலாம் புஷ்பா. வருஷா வருஷம் வெயில் கூடிக்கிட்டுத்தானே போகுது?" என்றான் முரளிதரன்.

"கூடட்டும். கூடற வெயிலுக்கு என்ன வழின்னு பார்க்கலாம். வித்தா வழி பார்க்கறதுக்கே மாடு இருக்காது."

அந்த வாரமே கால்நடை மருத்துவர் ஷிரினை அழைத்து வந்தாள். ஷிரின் யாங்கோன் நகரத்துப் பெண். தமிழ் புரியும், சரளமாகப் பேச வராது. நடுநடுவே பர்மியச் சொல் கலந்துவிடும். கொட்டகைக்குள் ஐந்து நிமிஷம் நின்றவுடனே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

"அக்கா, இது கொட்டகை இல்லே, அடுப்பு. தகரம் கைக்கு எட்டற உயரத்துல இருக்கு. நடுப்பகல்ல தீனி வேற போடறீங்க. மாடு தின்னா வயித்துக்குள்ளேயும் சூடு கிளம்பும். காலையில வெயிலுக்கு முன்னாடி போடுங்க, மிச்சம் சாயங்காலம்."

மறுநாள் புஷ்பலதா இடுப்பில் கட்டிய லொஞ்சியை இழுத்துச் செருகிக்கொண்டு கூரை மேல் ஏறிவிட்டாள். தகரம் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது.

"நல்ல தகரம் புஷ்பா! இன்னும் பத்து வருஷம் தாங்கும்!" என்று கீழேயிருந்து கத்தினான் முரளிதரன்.

"தகரம் தாங்கும். மாடு தாங்காது. ஏணியைப் பிடிங்க."

மூங்கில் கால்களை இரண்டு முழம் உயர்த்தி, ஆற்றோரத்து ஓலையைக் கனமாக வேய்ந்தார்கள். பக்கச் சுவரையும் இடித்துவிட்டார்கள், கால்வாய்க் காற்று குறுக்கே போகட்டும் என்று. மழை பிடிப்பதற்குள் மாடுகள் பழையபடி அசைபோட ஆரம்பித்தன.

தீனிதான் அடுத்த கவலை. வெயிலில் புல் கருகிவிடுகிறது, வெறும் வைக்கோலில் சத்து இல்லை. யூரியாவை அளவாகத் தண்ணீரில் கரைத்து வைக்கோலில் தெளித்து, குழியில் மிதித்துக் காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் அது மெத்தென்று ஆகி நன்றாகச் செரிக்கும் என்றாள் ஷிரின். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: செரிக்காத தீனி தின்கிற மாடு, ஒவ்வொரு வீசைப் பாலுக்கும் அதிகமாக ஏப்பம் விடும்; அந்த ஏப்பக் காற்றும் வானத்தைச் சூடாக்குகிறது.

புஷ்பலதா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்போ வெயிலுக்கு என் மாடும் ஒரு காரணமா? சரி, நம்ம பங்கைக் குறைச்சிடுவோம்."

பக்கத்து வயல்காரரான பர்மியர் ஊ சான் லின் ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் வைக்கோலை வயலிலேயே கொளுத்துவார். புகை கால்வாய் வரைக்கும் வரும். அந்த வருஷம் தீப்பெட்டியோடு அவர் வரப்பில் இறங்கிய நாளில், புஷ்பலதா எதிரே போய் நின்றாள்.

"கொளுத்தாதீங்க ஊ சான் லின். எனக்குக் குடுங்க."

"யார் வாரறது மா புஷ்பா? நாலாவது நாள் நான் உளுந்து விதைக்கணும்."

"மூணு நாள்ல நான் வாரிடறேன். உங்க வயலுக்கு மக்கின எருவும் தர்றேன்."

"ஆறு ஏக்கர். மூணு நாள்ல?" அவர் சிரித்தார். ஆனாலும் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முரளிதரன், அவன் தங்கை ரேவதி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், ஒரு மாட்டு வண்டி. மூன்றாம் நாள் மத்தியானம் வயல் சுத்தமாகக் கிடந்தது. ஊ சான் லின் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, ஏரை எடுக்கப் போனார்.

முதல் குழி வீணானது. எலி கடித்த ஓட்டை வழியாகக் காற்றுப் புகுந்து, திறந்தபோது உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒரு பிடியைக்கூட மாட்டுக்குக் காட்டாமல் அத்தனையையும் எருக்குழியில் கொட்டினாள். முரளிதரன் ஏதாவது சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனோ துறைக்குப் போய் இரட்டைத் தார்ப்பாயோடு திரும்பி வந்தான். அடுத்த குழி பொன்னிறமாகப் பதப்பட்டு வந்தது. மாடுகள் இரண்டு நாள் முகத்தைத் திருப்பின. மூன்றாம் நாள் தொட்டியை நக்கித் துடைத்தன.

மறு ஏப்ரலும் அதே வெயில். பபேடானுக்கு வரும் எல்லார் பாலும் பாதியாகக் குறைந்தது. ராணி இல்லாமலேயே புஷ்பலதாவின் பால் மட்டும் பதினைந்து வீசை. நியாஸுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் பால்மானியோடு படகேறி வந்து நின்றான்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. ஊரெல்லாம் பால் இல்லே, உங்ககிட்டே மட்டும் எப்படி? தண்ணியா, பவுடரா?"

அவளுக்குக் காது வரை சிவந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "உக்காருங்க பாய். மூணு மணிக்கு உங்க கண்ணு முன்னாலேயே கறக்கறேன்."

கொட்டகை நிழலில் உட்கார்ந்தவன் கொஞ்ச நேரத்தில் தொப்பியைக் கழற்றினான். காற்று வந்துகொண்டே இருந்தது. மாடுகள் படுத்து அசைபோட்டன. கறந்த பாலில் அவனே பால்மானியை இறக்கிப் பார்த்தான். இன்னொரு மாட்டின் பாலிலும் பார்த்தான். பிறகு அதைத் துடைத்துப் பையில் வைத்தான்.

"என் கடையைவிட இங்கே குளிர்ச்சியா இருக்கு. மன்னிச்சுக்குங்க அக்கா."

"மன்னிப்பு வேணாம். பபேடான்ல போய் பார்த்ததைச் சொல்லுங்க, அது போதும்."

சொன்னான். சொன்னதைவிடக் கூட்டியே சொன்னான். மற்ற பால்காரர்கள் ஒவ்வொருவராகக் கொட்டகையைப் பார்க்க வந்தார்கள். சிலர் சும்மா பார்த்துவிட்டுப் போனார்கள், சிலர் உயரத்தை அளந்துகொண்டார்கள். மழைக்காலத்துக்குள் கரையோரத்தில் ஏழு கொட்டகைகளில் தகரம் இறங்கியது.

அந்தச் சித்திரைக் கடைசியில் ஒரு பசு பருவத்துக்கு வந்தபோது ஷிரின் சினை ஊசி போட வந்தாள்.

"ராணி மாதிரி பெரிய ஜாதி வேணாம் டாக்டர். இந்த வெயிலைத் தாங்கற நாட்டுக் காளை ஊசி போடுங்க," என்றாள் புஷ்பலதா.

"பால் கொஞ்சம் குறையுமே அக்கா?"

"ஏப்ரல்ல உயிரோட இருக்கற மாடுதானே டாக்டர் பால் குடுக்கும்?"

ஷிரின் பெட்டியைத் திறந்து நாட்டுக் காளை ஊசியை எடுத்தாள்.

மாசி பிறந்து ஒரு வாரம் கழித்துக் கன்று விழுந்தது. கிடாரிதான். செம்பழுப்பு நிறம், சின்ன உடம்பு, தோளில் கைப்பிடி அளவு திமில். அரைமணி நேரத்தில் தள்ளாடி எழுந்து நின்றது.

"என்ன பேர் வைக்கலாம்?" என்றான் முரளிதரன்.

"முதல்ல சீம்பால் குடிக்கட்டும்," என்று புஷ்பலதா கன்றைத் தாயின் மடிப்பக்கம் மெல்லத் தள்ளிவிட்டாள்.