அக்கா ஊட்டிய முட்டை

என் அக்கா ஒரு தங்கும் விடுதியின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். நீராவியில் வெந்து வீடு திரும்பினால், மாடிப்படியில் தடுக்கி விழுந்த மகளுக்கு மருந்து தடவ வேண்டும். குழந்தையால் கண்ணைத் தாழ்த்திப் படியைப் பார்க்க முடிவதில்லை. செல்களுக்குள் கொலஸ்ட்ரால் தேங்கும் பிறவி நோய் என்றார் மருத்துவர்.

கொலஸ்ட்ரால் என்ற அந்த ஒரு சொல் போதாதா? அக்காவின் மாமியார் அன்றே பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டார்.

"ஊட்டி ஊட்டியே பிள்ளையைக் கெடுத்துட்டா. இனி என் பேத்தியை நானே வளர்த்துக்குறேன்."

அக்காவின் கணவரான மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், படித்தது உயிர்வேதியியல்.

"அத்தை, செல்லுக்குள்ள சின்னப் பைகள் இருக்கு. கொலஸ்ட்ரால் அதுலதான் வந்து இறங்கும். பையோட சவ்வுல ஒரு புரதம் பதிஞ்சு நிக்குது. கொலஸ்ட்ரால் பொருந்துற மாதிரி அதுல ஒரு குழி. அங்க வாங்கி, தனக்குள்ள இருக்குற சந்து வழியா வெளிய தள்ளும். பாப்பாவுக்கு அந்தப் புரதம் பிறவியிலேயே கோணல்."

"வெளிய போகாததை இவ ஏன் ஊட்டினா?"

"ஊட்டாட்டியும் உடம்பே செய்யும்! இன்னொரு சவ்வுல காவல் புரதம் ஒண்ணு இருக்கு. கொலஸ்ட்ரால் வந்து ஒட்டினா அது வடிவம் மாறி, தயாரிப்பை நிறுத்தும். இங்க சரக்கெல்லாம் பையிலயே அடைஞ்சு கிடக்கு. காவலுக்கு ஒண்ணும் வந்து சேரலை. பஞ்சம்னு நினைச்சு இன்னும் செய்ய விடுது. நீங்க பட்டினி போட்டா பாப்பாதான் இளைப்பா."

"கல்லூரியில சமையலும் சொல்லிக் குடுத்தாங்களா? கோணல் உங்க ரத்தம்தானே!"

"அம்மா பக்கம், அப்பா பக்கம் ரெண்டு மரபணுவும் கெட்டிருந்தாதான் இந்த நோய் வரும். உங்க மகனைக் கேளுங்க."

"விடுங்க மாப்பிள்ளை," என்று முனகினார் மாமா. பெற்றோர் இருவருக்கும் எடுத்த மரபணுப் பரிசோதனையின் முடிவை மருத்துவர் அவரிடமும் சொல்லியிருந்தார். தெரிந்தும் அக்கா ஏச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், மனுஷன்!

அக்கா எழுந்து முட்டை அவித்தாள். மகளை மடியில் இருத்தி ஓட்டை உரித்தாள்.

"நீங்களே சொல்வீங்கன்னுதான் வாயைத் திறக்கலை," என்றாள் கணவரிடம்.

அத்தை தட்டை இழுத்தார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடும்மா. என்கிட்டயும் இருக்கு."

அத்தை கையை எடுத்தார். அக்கா ஊட்டினாள். நோய் அப்படியேதான் இருக்கிறது. இத்தனை நாள் அவள் வாங்கிய ஏச்சுக்கு யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.