கும்பிடுபூச்சியும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரருக்குப் பூச்சி என்றால் ஆகாது. பயம் என்று சொன்னால் கோபம் வரும். அலர்ஜி என்று சொல்ல வேண்டும். பருத்திப்பட்டில் ஃப்ளாட் வாங்கியபோது ஏரிக்காற்றை மட்டும்தான் யோசித்தார். ஏரிக்கும் எங்களுக்கும் நடுவே வழக்கில் கிடக்கும் பெரிய காலிமனையையும், அதில் இடுப்பளவு நின்ற புல்லையும் அவர் பார்க்கவில்லை. விளக்கு போட்டதும் அங்கிருந்து வண்டும் வெட்டுக்கிளியும் எங்கள் முதல் மாடிக்கு வந்துவிடும். ஆபீஸ் மீட்டிங் நடுவில் அவர் சட்டென்று கேமராவை அணைத்தால், சட்டைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் புல் பற்றிக்கொண்டது. யாரோ ஓரத்தில் குப்பை கொளுத்தியிருக்கிறார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்தது. வண்டிகளை வெளியே எடுத்துவிட்டு, எல்லாரும் பக்கெட்டுகளோடு காம்பவுண்டு சுவரோரம் நின்றோம். புகைக்கு மேலே இரட்டைவால் குருவிகள் வட்டமடித்து, தப்பிப் பறந்த பூச்சிகளை அந்தரத்திலேயே பிடித்துத் தின்றன. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தபோது, ஏரியோரம் ஒரு பட்டைப் புல் தவிர மனை முழுக்கக் கரி. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த இவருடைய சட்டைகளில் வெட்டுக்கிளிகள் அகதிகளாகத் தொற்றிக்கொண்டிருந்தன. கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு கும்பிடுபூச்சி வந்து உட்கார்ந்திருந்தது. அதைத் துரத்தச் சொன்னார். அது அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு மனசு வரவில்லை.

மறுநாளிலிருந்து அவர் ராஜா. ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தார். பால்கனியில் நாற்காலி போட்டு டீ குடித்தார். அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து, வருஷா வருஷம் நாமே ஜாக்கிரதையாகக் கொளுத்திவிட்டால் என்ன என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள்.

கீழ்வீட்டுப் பெண் இந்த ஊர்க்காரி. அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். மாடிப்படியில் அவரை நிறுத்தினாள்.

“இன்னா சார், பூச்சியெல்லாம் காலி பண்ணிகினு போய்ட்ச்சுனு நெனச்சிக்கினீங்களா? அதுங்க வாடகைக்கு இல்ல சார். சொந்த ஊட்ல கீதுங்க.”

முதலில் வெளியே வந்தவை எறும்புகள். மண்ணுக்கடியில் அவை பத்திரமாகவே இருந்திருக்கின்றன. கரிக்கு நடுவே புதுமண் குவியல்கள் தெரிந்தன. ஆனால் மனையில் தின்ன ஒன்றுமில்லாததால் எங்கள் சமையலறைக்கு வரிசை கட்டின. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்தபடி, இந்த யோசனையையும் அசோசியேஷனில் சொல்லுங்கள் என்றேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வந்தால் சில்வண்டுச் சத்தம் இல்லை. காது அடைத்த மாதிரி இருக்கிறது, டாக்டரைப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். நான் காரணத்தைச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.

பிறகு ஒரு கோடை மழை கொட்டியது. கரிக்குள்ளிருந்து பச்சை கிளம்பியது. எருமைகள் மேய வந்தன. சாணியை உருட்டிக்கொண்டு வண்டுகள் வந்தன. ஏரியோரத்துப் பட்டையிலிருந்து வெட்டுக்கிளிகள் தத்தித் தத்தி உள்ளே வந்தன. சில கரி நிறத்திலேயே இருந்தன, குதித்தால்தான் தெரியும். இலை கெட்டியானதும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள். ஒரு சாயங்காலம் சில்வண்டுகளும் ஆரம்பித்தன. காது சரியாகிவிட்டது என்று அவர் அறிவித்தார்.

இதற்கிடையில் தொட்டியிலிருந்த கும்பிடுபூச்சியை அவர் மீட்டிங் நேரத்தில் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கியிருந்தார். அது ஈ பிடித்தால் எனக்குக் கை காட்டுவார். பச்சை தழைத்தபின் அதை மனையில் விட்டுவிடலாம் என்று அவரேதான் சொன்னார். நியூஸ்பேப்பரில் ஏற்றி, கையை முடிந்தவரை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். புல்லோரம் குனிந்தபோது அது பேப்பரை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டில் ஏறிக்கொண்டது.

அவர் கத்தவில்லை. மூச்சைப் பிடித்து நின்றார். “இப்ப நான் என்ன பண்ணணும்?” என்று உதடு அசையாமல் கேட்டார்.

“கும்பிடுதுங்க. ஆசீர்வாதம் பண்ணுங்க.”

அது நிதானமாக விரல் நுனிவரை நடந்து, ஒரு புல்லைப் பிடித்து இறங்கியது. புல்லுக்குள் அது மறைந்த பிறகும் அவர் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர், சார் சொன்ன கொளுத்தும் யோசனை என்று ஆரம்பித்தார். சார் எழுந்தார்.

“கொளுத்த வேணாங்க. அங்க ஆளுங்க குடியிருக்காங்க.”

மனையில் யாரும் குடிசை போட்டுவிட்டார்களா என்று இரண்டு பேர் பதறினார்கள். இவர் காது சிவந்து உட்கார்ந்துவிட்டார். கீழ்வீட்டுப் பெண் தலையைக் குனிந்து சிரித்தாள். கடைசியில், சுவரை ஒட்டி மட்டும் அகலமாகப் புல்லை வெட்டிவிடலாம், குப்பை கொளுத்தக் கூடாதென்று பலகை வைக்கலாம் என்று முடிவானது. பலகைக்கு வாசகம் எழுதும் பொறுப்பு இவருக்கு. ஒரு வரி எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.