விரல் டாக்டர்

என் மனைவிக்கு 'விரல் டாக்டர்' என்று பட்டப்பெயர். யாருடைய விரலுக்கும் அவள் வைத்தியம் பார்த்ததில்லை. பொது சுகாதாரத் துறையில் அவள் சேர்ந்த புதிதில், ஒரு குடியிருப்பில் நூற்றுக்கு நூறு குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்ததாகப் பதிவேடு சொன்னது. அங்கேயே நான்கு குழந்தைகளுக்குக் கால் விளங்காமல் போனது. நர்ஸ்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே ஏட்டை நிரப்பியிருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அவள் ஒரு விதி போட்டாள். மருந்து வாய்க்குள் போனதும் குழந்தையின் சுண்டுவிரலில் அழியாத மை வைக்க வேண்டும். மேற்பார்வைக்குப் போகிறவர்கள் பதிவேட்டைத் தொடக்கூடாது, விரலைத்தான் பார்க்க வேண்டும். மை இல்லாத விரலுக்கு அந்தப் பகுதி நர்ஸ்தான் பொறுப்பு.

விதி நன்றாக வேலை செய்தது. அதை நாற்பது நாடுகள் எடுத்துக்கொண்டன, கூடவே அவளையும். வெளிநாட்டுத் தலைமையகத்தில் பதினோராவது மாடியில், திறக்க முடியாத ஜன்னலுள்ள ஓர் அறை கொடுத்தார்கள். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னையும் படுத்த படுக்கையான என் அப்பாவையும் பார்க்க வருடத்துக்கு இரண்டு முறை வருவாள். "குழந்தை முகத்த பாத்து நாலு வருஷமாச்சுங்க, பூரா கூட்டம்தான்" என்பாள். மூன்று முறை ராஜினாமா கொடுத்தாள். மூன்று முறையும் பதவி உயர்வு கொடுத்து உட்கார வைத்தார்கள். வேண்டாம் என்றால் மேலே தூக்கி வைக்கிற உத்தியோகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பதினோரு வருடம் கழித்து, நான்காவது முறைதான் ஏற்றுக்கொண்டார்கள். மாதக் கடைசியில் வந்துவிடுவாள். நான் அறைக்கு வெள்ளையடித்து, அலமாரியில் பாதியைக் காலி செய்து, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தேன்.

கடைசி வேலையாக ஒரு குடியிருப்பைப் பார்க்கப் போனாள். ஒரு டாக்டர் தெருவில் நடக்க மூன்று கார், ஐந்து அதிகாரிகள். கேட்பதற்கு முன்பே குழந்தைகள் விரலை நீட்டினார்கள். எல்லா விரலிலும் மை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாய், "மை முந்தாநாளே வச்சாச்சு, மருந்து எப்ப வரும்?" என்று கேட்டாள்.

அதிகாரிகளின் முகம் செத்துவிட்டது. என் மனைவி அந்தப் பகுதி நர்ஸைத் தனியே கூட்டிப்போய் விசாரித்திருக்கிறாள். இரண்டு மாதமாக மருந்தே வரவில்லையாம். அப்புறம் மையை மட்டும் ஏன் வைத்தாய் என்று கேட்டதற்கு அந்தப் பெண் பயப்படாமல் சொன்னாளாம்: "மருந்து இல்லேன்னா யாரும் கேக்க மாட்டாங்க மேடம். மை இல்லேன்னாதான் கேப்பாங்க."

அன்று மாலை போனில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ராஜினாமாவைத் திரும்ப வாங்கப் போவதாகச் சொன்னாள். மருந்து வந்தாலும், மை இருக்கிற குழந்தையைத் தாண்டிப் போய்விடுவார்களாம். அவளுக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வரப்போகிறவர் இந்த விதியைப் புகழ்ந்தே பெரிய ஆளானவர்.

"என் பேர்ல ஓடுற விதிங்க. வேற யாரும் கை வைக்க மாட்டாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரான் பிள்ளைக்கெல்லாம் நீ, எனக்கு யார் என்று கத்தினேன். கத்தி ஓய்ந்தபின், எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். விதியை மாற்றும் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுமாம். முதல் கூட்டத்தில், இதைப் பற்றிப் பேசலாமா என்று மட்டும் பேசுவார்களாம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. "எனக்கு வீட்டுக்கு வரணுங்க" என்றாள்.

அந்தத் தாயின் கையிலிருந்த குழந்தைக்கு இன்னும் மருந்து கொடுத்தபாடில்லை. வராதே என்று என் வாயாலேயே சொன்னேன்.