அந்தம்மா இரண்டு தடவை கேட்டார்

மதுரை பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியில் தோளைச் சாய்த்தபடி, மறுநாள் தேர்வுக்காகப் போதைப்பொருள் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சமாக வைத்திருந்து பிடிபட்டவர் அதற்கு அடிமையானவராக இருந்தால், வயதையும் நடத்தையையும் பார்த்து, அவர் சம்மதித்தால் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று ஒரு பிரிவு சொன்னது. அதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை.

“அதுக்குத்தான் அந்தம்மா ரெண்டு தடவ கேட்டாங்களா!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பக்கத்தில் நின்ற அக்கா, “யாரு, கண்டக்டரா? நான் ஒரு தடவதான எடுத்தேன்” என்று தன் டிக்கெட்டைத் தேட ஆரம்பித்தார்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது நடந்தது அது. சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, அப்போதுதான் காலேஜை முடித்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கஞ்சாப் பொட்டலத்தைப் போலீஸ் எடுத்தது. அதற்கு முன் அவர் பேரில் எந்த வழக்கும் கிடையாது. எனக்கு இது எதுவும் சொல்லப்படவில்லை. கோர்ட்டுக்குப் போகிற அன்று பள்ளிக்கூடம் லீவு. என்னை விட்டுப்போக வீட்டில் ஆளில்லை. அதனால் கூட்டிப்போனார்கள். ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க, நாங்கள் ஆண்டாளைக் கும்பிடப் போவதாக நம்பியது. நானும் நம்பினேன்.

தாத்தா நூல் மில்லில் மேஸ்திரி. பஞ்சு கிடக்கிற இடத்தில் ஒரு பீடித் துண்டு போதும், மில்லே போய்விடும். ஆகவே வேலை கேட்டு வருகிற பையன்களில் யாரைச் சேர்ப்பது என்பதற்கு அங்கே ஒரே அளவுகோல். தாத்தா மேனேஜர் முன்னால் போய் நின்று, “நம்ம பையந்தான். பீடி கூடத் தொடமாட்டான். நான் பொறுப்பு” என்பார். பையன் அன்றைக்கே ஷிஃப்டுக்குப் போய்விடுவான். செட்டியார்பட்டி, தளவாய்புரம் வரைக்கும் அந்த வார்த்தையால் சோறு தின்றவர்கள் உண்டு.

கோர்ட்டு எனக்குப் பிடித்திருந்தது. மேலே நீதிபதி நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வக்கீல் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தபடி, மாமா குற்றத்தை ஒத்துக்கொண்டார். அதோடு முடியும் என்று எல்லோரும் எழுந்திருக்கத் தயாரானபோது அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“தம்பி, இது யாரும் உன்கிட்ட குடுத்து வச்சதா, நீ பிடிக்கிறதா? பழக்கம் உண்டா?”

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் தாத்தா எழுந்துவிட்டார். தோளில் இருந்த துண்டு கைக்கு வந்திருந்தது.

“எம் மகந்தாம்மா. பீடி கூடத் தொடமாட்டான். நான் பொறுப்பு.”

எனக்குப் பெருமையாக இருந்தது. அது உண்மை என்றும் எனக்குத் தெரியும். சாயங்காலம் மொட்டைமாடியில் மாமாவிடம் வருவது பீடி வாசனையே அல்ல, ஈரச் சருகு கருகுகிற மாதிரி வேறு வாசனை. “என்ன மாமா இது?” என்று கேட்டால், “குப்பை எரிச்சேன்ட்டி” என்று சிரிப்பார். வெகு நேரம் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

“பெரியவரே, நீங்க உட்காருங்க. நான் அவனைக் கேக்கேன்” என்றார் அந்தம்மா. திரும்பவும் மாமாவைப் பார்த்து, இன்னும் மெதுவாக, “பழக்கம் இருந்தா சொல்லு. பயப்படாம சொல்லு. சொல்றதுனால உனக்குக் கெடுதல் வராது” என்றார்.

மாமா அந்தம்மாவைப் பார்க்கவில்லை. தாத்தாவைப் பார்த்தார். தாத்தா இன்னும் உட்காரவில்லை.

“இல்லம்மா.”

அபராதம். அதோடு, கோர்ட் கலையும் வரைக்கும் அங்கேயே ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவதைப் போலத்தான் இருந்தது. நான் கையாட்டினேன். மாமா நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் தாத்தா வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். “ஜெயிலு இல்லாம முடிஞ்சிருச்சே, அது போதும்” என்றார் வக்கீல்.

அம்மா மட்டும், “எம்புட்டு நல்ல கேள்வியா கேட்டாவ அந்தம்மா” என்று ஆரம்பித்தார்.

“ஏட்டி, சும்மா இரி” என்றார் தாத்தா.

அடுத்த வாரம் தாத்தா தன் மில்லிலேயே மாமாவைச் சேர்த்தார், அதே வார்த்தையைச் சொல்லி. பொங்கலுக்குள் பஞ்சுக் குடோனுக்குப் பின்னால் மாமாவைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அதன்பிறகு வேலை கேட்டு எங்கள் வாசலுக்கு எந்தப் பையனும் வரவில்லை. தாத்தாவும் துண்டில்லாமலே மில்லுக்குப் போய்வந்தார். மாமா திருப்பூர் போனார், கோயம்புத்தூர் போனார், திரும்பக் கொண்டுவந்து விடப்பட்டார். இப்போது பெரிய மாமா வீட்டில் பின்னறையில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது, என்னை அம்மா என்று நினைத்துக்கொண்டு, “அக்கா, அப்பா கோவமா இருக்காவளா?” என்று கேட்டார். தாத்தா செத்து நாலு வருஷமாகிறது.

பெரிய மனுஷனான என் தாத்தாவின் வார்த்தையை நம்பாமல் மறுபடியும் கேட்டாரே என்று அன்றைக்கு அந்தம்மா மேல் எனக்குக் கோபம். அவர் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் என்பதும், ‘ஆமா’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தார் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியாது. தாத்தாவுக்கு அவர் வயதிலும் தெரியவில்லை.

எங்கள் கல்லூரியின் இலவசச் சட்ட உதவிக் குழுவில் நானும் இருக்கிறேன். தேவதானத்துப் பையன் ஒருவனுக்குத் திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் கஞ்சா வழக்கு. பத்தொன்பது வயது, இதுதான் முதல் தடவை. “அவனே என்கிட்ட ஒத்துக்கிட்டான், விட முடியலையாம். ஆனா அவங்கம்மா பேச விடமாட்டா” என்கிறார் எங்கள் குழுவின் வக்கீல். பையனின் அம்மா அவரிடம் சொன்னது: “எம் புள்ள டீ கூடக் குடிக்கமாட்டான் சார்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில், அவன் அம்மாவைப் பார்க்கத் தேவதானம் போகிறேன். சட்டப் பிரிவை எடுத்த எடுப்பில் சொல்லப்போவதில்லை. தாத்தாவைப் பற்றிச் சொல்வேன். பிறகு, நாளைக்குக் கோர்ட்டில் கேட்கும்போது எழுந்திருக்காமல் செத்த நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கப்போகிறேன்.