அடர்ந்த இடத்தில் எண்ணுவது

நைல் டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையின் மூன்றாம் மாடி. வெட்டியெடுத்த ஈரல் கட்டிகளைச் சன்னமாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவது இன்ஷிராஹின் வேலை. இருபத்தாறு வருடத்தில் கண்ணும் போயிற்று, கழுத்தும் போயிற்று. செல்லை இரண்டாகப் பிரியச் சொல்லி விரட்டும் புரதம் உள்ள இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும். பழுப்பு எங்கே அதிகம் அடர்ந்திருக்கிறதோ அங்கேதான் எண்ண வேண்டும். நூறு செல்லில் பழுப்பானவை பத்துக்குள் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லி அனுப்பிவிடுவார் டாக்டர் வஃபீக். கூடிப்போனால் கட்டி சீக்கிரம் திரும்ப வரும் என்று மாதாமாதம் ஸ்கேன், கடுமையான மருந்து.

சீசாவில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் 318-ஐ ஆபரேஷன் அறையிலிருந்து வாங்கி வந்தவளே இன்ஷிராஹ்தான். அது தம்பி முத்வல்லியின் கட்டி. அவனிடம் நீர்க்கட்டி என்று சொல்லி வைத்திருந்தார்கள். அங்கே அந்த நோயின் பெயரைச் சொந்தக்காரர் காதில்தான் போடுவார்கள், நோயாளியிடம் மூச்சு விடமாட்டார்கள்.

பத்து நாள் கழித்து, அதன் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்ததுமே அடர்ந்த இடம் தெரிந்துவிட்டது. இன்ஷிராஹ் அதைத் தள்ளிவிட்டு வெளிறிய ஓரத்துக்குப் போய் எண்ணினாள். ஏழு. எழுதி டாக்டரின் மேஜையில் வைத்தாள். பயப்படக்கூடத் தெம்பில்லை, அவ்வளவு அசதி.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், முத்வல்லி கீரைக்குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"என்னக்கா, என் நீர்க்கட்டி எத்தனை குட்டி போட்டுச்சு?"

"பேசாம தின்னுடா."

"மூணாம் மாடிக்கு எது போகும்னு இந்த ஊர்ல கழுதைக்குக்கூடத் தெரியும். டாக்டர் பூசி மெழுகுவாரு. நீ எண்ணிச் சொன்னா நம்புவேன்." சிரிப்பு நின்றது. "ஹனா கல்யாணத்த நெல் அறுப்புக்கு அப்புறம் வெச்சுக்கலாமான்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க. இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அதுவரைக்கும் எம் பொண்ணு பக்கத்துல நிக்க நான் தெம்பா இருப்பேனா? அத மட்டும் சொல்லு."

ஏழு என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

காலையில் டாக்டர் கையெழுத்துப் போடுமுன் போய் நின்றாள்.

"அந்தச் சீட்டைக் குடுங்க டாக்டர். தப்பா எண்ணிட்டேன்."

"நீங்களா? இத்தனை வருஷத்துல தப்பே வந்ததில்லையே, மேடம்."

"இப்ப வந்துடுச்சு."

அடர்ந்த இடத்துக்குப் போனாள். இரண்டு தரம் எண்ணினாள். இரண்டு தரமும் நாற்பத்தொன்று. பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதில் அதை எழுதிக் கொடுத்தாள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் செய்தாள்.

"முத்வல்லி, மருந்து இந்த வாரமே ஆரம்பிக்கணும். கல்யாணத்துக்கு அறுப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வர்ற மாசமே வெச்சிடு."



"நீயேதானக்கா எண்ணின?"

"நானேதான்டா."

"அப்பச் சரி" என்றான்.