சக்கரத்தடியில் நான்கு எலுமிச்சம்பழம்

எனக்கு முன்கோபம் அதிகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில், நகரத்துக்குள் இருந்த கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடியை விட்டுவிட்டு, பக்கத்து ஆற்றுத் தீவான இல்-பிசாரில் வீடு வாங்கிப் போனோம். என் கணவர் மெக்கானிக்கல் என்ஜினியர். அந்தத் தீவில் பஸ் வருவதே அபூர்வம், பேச்சுத் துணைக்கு ஆளில்லை. தமிழ் காதில் விழவேண்டுமென்றால் நானே கத்தினால்தான் உண்டு. கத்தினேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சுக்கார மெக்கானிக், மனைவியோடு இருந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வாலிபத்தில் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனவர். யுத்தம் முடிந்த சமயம், போர் விமானங்களின் வயிற்றில் தொங்கும் பெட்ரோல் டாங்கிகள் பழைய இரும்புக் கடையில் சல்லிசாகக் கிடைத்ததாம். பையன்கள் அதை வாங்கி, எஞ்சின் வைத்து, நாலு சக்கரம் மாட்டி, உள்ளே ஆள் உட்காரும்படி செய்து, உப்புப் பாலைவனத்தில் ஓட்டுவார்கள். பக்கத்தில் போட்டி வண்டி கிடையாது. கடிகாரத்தோடுதான் போட்டி.

அவரும் அப்படி ஒன்று செய்திருக்கிறார். ஓட்டிப் பார்ப்பதற்குள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்துவிட்டது. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊர் திரும்பியவர், ஒரு தடவைகூட அதை ஓட்டியதில்லை. கையில் மிஞ்சியது ஒரு போட்டோ. அதை வைத்துக்கொண்டு அதே மாதிரி இன்னொன்று செய்ய வேண்டும், ஒரு தடவை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. என் கணவரிடம் சொன்னார். இவருக்குச் சொல்லவா வேண்டும்? எங்கள் கராஜ் அன்றோடு பறிபோனது.

மூன்று வருஷம், சனி ஞாயிறெல்லாம் அங்கேதான். ஊதா பெயின்ட் அடித்து, முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் கூராக, அசல் கத்தரிக்காய். "உங்க கத்தரிக்காய் காய்ச்சு முடிஞ்சுதா?" என்று கேட்பேன். பக்கத்து வீட்டுக்காரர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். என்னைக் கண்டாலே, "மதாம், கத்திரிக்கா!" என்பார். நான் சுடும் வடைக்கு அவர்தான் முதல் ஆள். எனக்கு அங்கே பிடித்த ஒரே மனுஷர் என்றுகூடச் சொல்லலாம்.

மூன்றாவது வருஷம் அக்டோபரில் அவருக்கு இதயத்தில் கோளாறு என்றார்கள். திங்கட்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், ஆபரேஷன். அதற்குமுன் ஞாயிறன்றே ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள். படகேறி அக்கரையில் லாவல் பக்கம் போனால், ஒரு விவசாயி தன் சின்ன விமானம் இறங்கப் போட்டிருந்த நீளத் தளம். அவரும் சரியென்றுவிட்டார். கார்புரேட்டரை மாட்டி நாலு நட்டை முடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஞாயிறு ஆயுத பூஜை.

காலையிலேயே எல்லா ஸ்பேனரையும் துடைத்துப் பலகையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் கருவிகளும் எங்கள் கராஜில்தான் இருந்தன, அவற்றுக்கும் வைத்தேன். வண்டியின் மூக்கில் பொட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம். பூஜையில் வைத்ததை மறுநாள் புனர் பூஜை முடியும்வரை தொடக் கூடாது. அச்சகம் வைத்திருந்த என் அப்பா அன்றைக்கு ஓர் எழுத்துக்கூடக் கோக்க மாட்டார்.

"ஒரே ஒரு ஸ்பேனர்மா. அரை மணி நேரம். சரஸ்வதி கோச்சுக்க மாட்டா" என்றார் கணவர்.

"உங்களுக்கு போன் பண்ணிச் சொன்னாளா? நாளைக்குக் கத்தி வெக்கப்போற உடம்புங்க அது. இன்னிக்குப் பாத்துத் தொட்டு, அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"கடையும் இல்ல இன்னிக்கு, வேற வாங்கவும் முடியாது."

"மத்தியானம்தானே ஆஸ்பத்திரி? அஞ்சு மணிக்கே எழுந்து புனர் பூஜை பண்ணிடறேன். அப்புறம் எலுமிச்சம்பழத்து மேல ஏத்திக்கிட்டு பறக்கட்டும்!"

பலகைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றேன். கணவர் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சில் விளக்கினார். கிழவர் தொப்பியைக் கழற்றி ஸ்பேனர்களுக்கு ஒரு கும்பிடு போட்டார், கிண்டலாக இல்லை. இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டார். பிறகு வண்டிக்குள் இறங்கி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டார். எச்சில் தெறித்தது. நான்கூட வயிறு வலிக்கச் சிரித்தேன். "தெமேன், மதாம்" என்றார் போகும்போது. நாளைக்கு.

சொன்னபடி ஐந்து மணிக்கு எழுந்தேன். கற்பூரம் காட்டி முடித்ததும் கணவர் நாலு நட்டையும் முடுக்கினார். கடைசி நட்டில் இருந்தபோது கிழவரின் மனைவி வாசலில் வந்து நின்றாள். இரவு நெஞ்சுவலி வந்து, ஆம்புலன்ஸில் போகும் வழியிலேயே போய்விட்டாராம். என் கணவர் ஸ்பேனரைச் சத்தம் வராமல் பலகையில் வைத்தார்.

அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குத் திட்டி, அழுது, எப்படியோ தேறியிருப்பேன். பாவி மனுஷர், ரசத்தில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பனிக்காலம் முழுக்க வண்டி நகரவில்லை. ஏப்ரலில் அந்த அம்மாள் தன் தம்பி மகனிடம் அதைக் கொடுப்பதாகச் சொன்னாள். டிரெய்லரில் ஏற்றுவதற்காகத் தள்ளினார்கள். எலுமிச்சம்பழங்களை யாருமே எடுக்கவில்லை, நானும்தான். கறுத்து, கல்லாக இறுகிப்போயிருந்தன. சக்கரம் ஏறியும் ஒன்றுகூட நசுங்கவில்லை. உருண்டு ஓடின.

அதில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு கராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அவர் நல்லா இருக்கணும்னுதாங்க வேண்டாம்னேன்."

"தெரியும்" என்றார் கணவர்.

குனிந்து மற்ற மூன்றையும் பொறுக்கினார்.